டெம்ப்ளேட் வேலைக்கு ரூட்டர் பிட்: பேரிங் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இணைப்பில், டெம்ப்ளேட் (வேண்டிய வடிவத்தில் வெட்டின மாதிரிப் பலகை) வைத்து, ரூட்டரில் (பிட் என்கிற வெட்டுமுனையை வேகமாகச் சுற்றி மரத்தை வெட்டும் மெஷின்) வளைவான மரத்துண்டுகளை ஒரே அளவில் வெட்டி எடுப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தச்சு வேலைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் இருந்த இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒன்று, நீளமான பிளேடுள்ள ஃப்ளஷ் டிரிம் பிட், அதாவது நுனியில் பேரிங் என்கிற உருளும் வளையம் உள்ள பிட், ஒன்று இருந்தால் எல்லா டெம்ப்ளேட் வேலையையும் முடித்துவிடலாம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்த யோசனை. இன்னொன்று, ரூட்டரை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று காட்டும் படத்தில் அம்புக்குறி தலைகீழாக இருப்பது. பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன், புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அந்தக் கட்டத்தையும் படத்தையும் நம்பி ஒருவர் மெஷினை ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அம்புக்குறியை முதலில் சொல்லிவிடுகிறேன், அது கை சம்பந்தப்பட்டது. ரூட்டரைக் கையில் பிடித்து மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகிற திசையில் சுற்றும். ஒரு பலகையின் வெளி விளிம்பைச் சுற்றி வரும்போது நாம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். ஜன்னல் மாதிரி நடுவில் வெட்டின ஓட்டையின் உள் விளிம்பு என்றால் கடிகாரத் திசை. இப்படிப் போனால் பிட் நம் தள்ளலை எதிர்த்து வெட்டும், ரூட்டர் நம் பிடியில் இருக்கும். உங்கள் படத்தில் வெளி விளிம்பைச் சுற்றிக் கடிகாரத் திசையில் அம்பு போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் தள்ளினால் பிட் மரத்தின் மேல் வண்டிச் சக்கரம் மாதிரி ஏறி ஓடப் பார்க்கும், ரூட்டர் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகும். ரூட்டர் டேபிளில், அதாவது பிட் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ரூட்டரை அடியில் மாட்டின மேஜையில், மெஷின் தலைகீழாக இருப்பதால் பிட் சுற்றுகிற திசை நம் கண்ணுக்கு மாறிவிடும். அங்கே மரம் நமக்கும் பிட்டுக்கும் நடுவில் இருக்கும்போது வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சில இடங்களில் வேண்டுமென்றே இந்த விதிக்கு மாறான திசையில் தள்ளி ஒரு மெல்லிய சீவல் எடுப்பார்கள், அது உண்மைதான், ஆனால் புதியவர்களுக்காக எழுதின கட்டுரையில் அதற்கு இடமில்லை.

சரி, பிட் விஷயத்துக்கு வருகிறேன்.

டெம்ப்ளேட் வேலையில் பிட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன பேரிங் இருக்கும், அது டெம்ப்ளேட்டின் விளிம்பில் உருண்டு போகும், பிளேடு அதே கோட்டில் மரத்தை வெட்டும். அந்த பேரிங் எங்கே இருக்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தண்டுப் பக்கம், அதாவது ரூட்டர் பிட்டைப் பிடிக்கிற பக்கம், பேரிங் இருந்தால் அதைப் பேட்டர்ன் பிட் என்கிறோம். நுனியில் இருந்தால் ஃப்ளஷ் டிரிம். ரூட்டரைக் கையில் பிடித்து வேலை செய்கிறவருக்கு பேட்டர்ன் பிட் என்றால் டெம்ப்ளேட் மேலே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும். ஃப்ளஷ் டிரிம் என்றால் டெம்ப்ளேட் மரத்துக்கு அடியில் போய்விடும், பேரிங் எதன் மேல் உருளுகிறது என்றே பார்க்க முடியாது. டேபிளில் எல்லாம் கவிழ்ந்துவிடும், பேட்டர்ன் பிட்டுக்கு டெம்ப்ளேட் கீழே, ஃப்ளஷ் டிரிமுக்கு மேலே. வாங்கப் போகிறவர் முதலில் தன் வேலை கையிலா டேபிளிலா என்று முடிவு செய்யாமல் பிட்டை எடுத்தால், வீட்டுக்கு வந்து டெம்ப்ளேட்டை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று குழம்பி நிற்பார். என்னிடம் கற்க வந்த முக்கால்வாசிப் பேர் அப்படி நின்றிருக்கிறார்கள்.

இன்னொன்று, ஃப்ளஷ் டிரிம் பிட்டின் நுனியில் பேரிங் இருப்பதால் அதை மேலிருந்து மரத்துக்குள் இறக்கவே முடியாது. கதவுக் கீல் உட்காரும் பள்ளம், பூட்டுக்கான குழி, கைப்பிடிக்கான குழிவு, இவை எல்லாமே டெம்ப்ளேட் வேலைதான். இவற்றுக்கு அடியிலும் வெட்டுகிற பேட்டர்ன் பிட் வேண்டும். அதனால்தான் ஒரு ஃப்ளஷ் டிரிம் போதும் என்ற வரியைப் படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

இந்தக் குழி வேலையில் பிளேடு எவ்வளவு நீளமோ அவ்வளவு தொல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் ஆழத்தில் கீலுக்குப் பள்ளம் எடுக்க வேண்டும், டெம்ப்ளேட் 12 மில்லிமீட்டர் கனம். பிளேடு 12 மில்லிமீட்டர் நீளம் என்றால் 3 மரத்துக்குள் போகும், 9 வெளியே நிற்கும், அதற்கு மேல் இருக்கிற பேரிங் டெம்ப்ளேட்டின் மேல் 3 மில்லிமீட்டரைத் தொட்டுக்கொண்டு அழகாக ஓடும். இதே இடத்தில் 25 மில்லிமீட்டர் பிளேடு போட்டால் 22 வெளியே நிற்கும், பேரிங் டெம்ப்ளேட்டுக்கு மேலே காற்றில் சுற்றும், பிளேடு டெம்ப்ளேட்டையே தின்றுவிடும். எத்தனையோ நல்ல டெம்ப்ளேட்டுகள் இப்படிப் போயிருக்கின்றன. ஆகவே குழி வேலைக்குக் குட்டைப் பிளேடு, கனமான டெம்ப்ளேட்.

இனி நான் மனசார சொல்ல வந்த விஷயம். கட்டுரையில் மரத்தின் நார் ஓட்டம் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. இழைப்புளி பிடித்தவர்களுக்கு இது தெரியும், நார் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் தள்ளினால் மொழுமொழுவென்று வரும், எதிரே தள்ளினால் பெயர்த்துக்கொண்டு வரும். ரூட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இதே சட்டம்தான். வளைவில் என்ன ஆகிறது என்றால், நேரான நார் உள்ள பலகையில் ஒரு வளைவை வெட்டும்போது வளைவின் ஒரு பாதியில் பிட் நார்களின் மேலிருந்து இறங்கும், மறு பாதியில் நார்களின் முனைக்கு எதிராக ஏறும். இறங்குகிற பாதியில் பிரச்சினையே வராது. ஏறுகிற பாதியில் பிளேடு நாருக்கு அடியில் நுழைந்து தூக்கும், மரம் பிளந்துகொண்டு போகும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாற்காலியின் பின்கால் ஒன்று, நல்ல கெட்டி மரம், 40 மில்லிமீட்டர் கனம், மெல்லிய வளைவு. டேபிளில் ஓட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் நீளம் வரை வெண்ணெய் மாதிரி போனது. வளைவு திரும்பின இடத்தைத் தாண்டினதும் சத்தம் மாறியது, ஒரே சீராக இருந்த ஓசை பொறுபொறுவென்று கரகரத்தது. நான் அதைக் கேட்டேன், நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். டப்பென்று ஒரு அடி, கால் என் கையிலிருந்து உதறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு மரம் பிளந்து பெயர்ந்திருந்தது, வெட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே வரை. ஒட்டிச் சரி செய்கிற மாதிரி இல்லை, அந்தக் கால் வீண். கைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் மரத்தை நேராகக் கையால் பிடிக்காமல் கைப்பிடி வைத்த தாங்கியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு வளைவான வேலைக்கு நான் எடுப்பது இரண்டு முனையிலும் பேரிங் உள்ள பிட். டெம்ப்ளேட் மேலே இருக்கும்படி வைத்து, நுனி பேரிங்கில் உருட்டி, நார் இறங்குகிற பாதிகளை மட்டும் வெட்டுவேன். அப்புறம் மரத்தை டெம்ப்ளேட்டோடு சேர்த்துக் கவிழ்த்து, பிட்டின் உயரத்தை மாற்றித் தண்டுப் பக்க பேரிங் டெம்ப்ளேட்டில் படும்படி செய்து, மீதிப் பாதிகளை வெட்டுவேன். கவிழ்த்ததும் ஏற்றமாக இருந்தது இறக்கமாகிவிடும், தள்ளுகிற திசை அதேதான். டெம்ப்ளேட்டைக் கழற்றவே வேண்டாம், ஆகவே கோடு பிசகாது. முதன்முதலாக ஒரே ஒரு டெம்ப்ளேட் பிட் வாங்கப் போகிறவர் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன், பிளேடு நீளம் 25லிருந்து 30 மில்லிமீட்டருக்குள், தண்டு அரை அங்குலம், ரூட்டர் அதை ஏற்றுக்கொள்ளும் என்றால். கீல் பள்ளத்துக்கு இது உதவாது, அதற்குக் குட்டை பேட்டர்ன் பிட் ஒன்று தனியாக வேண்டும்.

தண்டு ஏன் அரை அங்குலம் என்றால், ஒரு உருளைக் கம்பி வளையாமல் நிற்கிற பலம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. கால் அங்குலத்தை அரை அங்குலமாக்கினால், அதே நீளத்துக்கு விறைப்பு 16 மடங்கு. நீளம் இதற்கு நேர் எதிர், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்துக்கு வளைவது 8 மடங்கு. கால் அங்குலத் தண்டில் 50 மில்லிமீட்டர் பிளேடு என்பது எவ்வளவு ஆட்டம் போடும் என்று இதிலிருந்தே தெரியும். வெட்டின முகத்தில் அலை அலையாகக் கோடு விழும், மோசமான நேரத்தில் தண்டே ஒடியும். கனமான மரத்தை ஒரே வெட்டில் முடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. குட்டை பேட்டர்ன் பிட்டால் டெம்ப்ளேட்டை வைத்து முதல் சுற்று வெட்டுங்கள், பிறகு பிட்டை இன்னும் வெளியே இறக்கி, ஏற்கெனவே வெட்டின மர விளிம்பிலேயே பேரிங்கை உருட்டி அடுத்த சுற்று வெட்டுங்கள். முதல் சுற்றில் வந்த முகமே இரண்டாவது சுற்றுக்கு டெம்ப்ளேட் ஆகிவிடுகிறது.

தண்டு அளவில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், அரை அங்குலம் 12.7. இவற்றுக்கான கோலெட்டில், அதாவது ரூட்டரில் தண்டை இறுக்கிப் பிடிக்கிற வாயில், 6 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் தண்டுகளைப் போட்டு இறுக்கினால் பிடித்த மாதிரி தோன்றும், பிடித்திருக்காது. ஓட ஓட வழுக்கி இறங்கும். 8 மில்லிமீட்டர் தண்டுக்கு 8 மில்லிமீட்டர் கோலெட்தான். தண்டை முழுவதும் உள்ளே விட்டு, அடியில் முட்டினதும் 2, 3 மில்லிமீட்டர் மேலே இழுத்துவிட்டு இறுக்குங்கள்.

விட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் உள்வளைவுகளில் எது மிகக் குறுகலானது என்று அளந்து பாருங்கள். 19 மில்லிமீட்டர் பிட்டும் பேரிங்கும் 9.5 மில்லிமீட்டர் ஆரத்தை விடக் குறுகலான உள்மூலைக்குள் நுழையாது, அங்கே மரம் மிச்சம் நிற்கும், உளியால் எடுக்க வேண்டியிருக்கும். மூலை இடம் கொடுத்தால் பெரிய விட்டமே நல்லது. பெரிய வட்டம் மரத்தைத் தொடுகிற கோணம் படுத்த மாதிரி இருக்கும், நாரை அவ்வளவாகப் பெயர்க்காது, முகம் சுத்தமாக வரும். ஆனால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நிமிடத்துக்கு 24,000 சுற்றில் 12 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகத்தில் போகிறது, 50 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு அதே சுற்றில் சுமார் 63 மீட்டர். பிட்டிலோ அதன் உறையிலோ அதிகபட்ச வேகம் அச்சிட்டிருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது.

பிளேடின் வடிவத்தில் நேர் பிளேடு, கொஞ்சம் சாய்த்து வைத்த பிளேடு, திருகு மாதிரி சுற்றின ஸ்பைரல் என்று மூன்று வகை பார்க்கலாம். நேர் பிளேடு நாரைத் தட்டித் தட்டி வெட்டும், சாய்ந்ததும் ஸ்பைரலும் சீவும். ஸ்பைரலில் அப்கட், டவுன்கட் என்று இரண்டு. அப்கட் சீவலைத் தண்டுப் பக்கம் இழுத்து வெளியே தள்ளும், ஆழமான குழிக்கு அருமை, ஆனால் மேல் விளிம்பில் பிசிறு விடும். டவுன்கட் மேல் விளிம்பைச் சுத்தமாக வைக்கும், சீவலைக் குழிக்குள்ளேயே அமுக்கும். டேபிளில் இந்த வித்தியாசம் முக்கியம். அங்கே அப்கட் மரத்தை டேபிளோடு அழுத்திப் பிடிக்கும், டவுன்கட் மரத்தை டேபிளிலிருந்து தூக்கப் பார்க்கும், அதனால் டேபிளில் நான் டவுன்கட்டைத் தொடுவதில்லை. இரண்டு முகமும் பிசிறில்லாமல் வேண்டும் என்கிற பிளைவுட்டுக்கு, இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி வெட்டுகிற கம்ப்ரஷன் பிட் இருக்கிறது. முழுக் கார்பைடு (மிகக் கெட்டியான ஒரு பொருள்) பிட்டுகள் கூர் நன்றாக நிற்கும், ஆனால் கீழே விழுந்தால் சிதறும், எடுத்து வைப்பதில் கவனம் வேண்டும்.

நல்ல பிட் வாங்கிவிட்டாலும் பேரிங்கைக் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண். பேரிங்கின் விட்டமும் பிளேடு சுற்றுகிற விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், டெம்ப்ளேட் வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கூர் போன பிட்டைத் தீட்டும்போது பிளேடு கொஞ்சம் தேயும், பேரிங் தேயாது, அப்போது வெட்டின மரம் டெம்ப்ளேட்டை விட ஒரு மயிரிழை பெரிதாக நிற்கும். நகத்தை டெம்ப்ளேட்டிலிருந்து மரத்துக்கு இழுத்துப் பாருங்கள், படி தட்டுப்பட்டால் தெரிந்துவிடும். புது பிட்டிலும் இந்தச் சோதனையை ஒரு கழிவுத் துண்டில் செய்து பார்த்துவிட்டுத்தான் நல்ல மரத்தைத் தொடுவேன். தீட்டுவதாக இருந்தால் பிளேடின் தட்டையான உள்முகத்தை மட்டும் டயமண்ட் கல்லில், இரண்டு பிளேடுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேயுங்கள், வெளி விளிம்பைத் தொடாதீர்கள்.

பேரிங் இறுகிக்கொள்வது இன்னொரு தொல்லை. பிசின் உள்ள மரத்தை வெட்டிக்கொண்டே போனால் தூசும் பிசினும் உள்ளே போய் பேரிங் உருளாமல் தண்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். ஒரு நாள் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) டெம்ப்ளேட்டின் விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு பார்த்தேன், பென்சில் கோடு என்று நினைத்து விரலால் தடவினால் அது ஒரு பள்ளம். பேரிங் தேய்த்தே எரித்திருக்கிறது. அதற்குப் பிறகு வெட்டின அத்தனை துண்டிலும் அந்தப் பள்ளம் பதிந்திருந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் மெஷினை ஓட்டும் முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேரிங்கை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறேன், அதைப் பிடித்திருக்கிற வளையத்தின் சின்ன ஸ்க்ரூவையும் சாவி போட்டு இறுக்கிப் பார்க்கிறேன். பிட்டைக் கழுவும்போது பேரிங்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், கரைப்பானில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கிற கிரீஸ் கரைந்து போகும். பேரிங் தனியாகவே கிடைக்கும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

பேரிங்கே இல்லாமலும் இந்த வேலை நடக்கும், கட்டுரையில் அதையும் விட்டுவிட்டார்கள். ரூட்டரின் அடித்தட்டில் கைடு புஷ் என்று ஒரு வளையம் மாட்டலாம், அது டெம்ப்ளேட்டில் உரசிப் போகும், நடுவில் சாதாரண நேர் பிட்டோ ஸ்பைரலோ வெட்டும். புஷ்ஷின் வெளி விட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் டெம்ப்ளேட்டை எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்று கிடைத்துவிடும். 30 மில்லிமீட்டர் புஷ், 12 மில்லிமீட்டர் பிட் என்றால் 9 மில்லிமீட்டர். இந்தக் கணக்கைப் போடுகிற சிரமம் ஒன்றுதான், மற்றபடி பிளேடு டெம்ப்ளேட்டைத் தொடவே முடியாது என்பதால் ஆழமான குழிகளுக்கு இதைத்தான் நம்புகிறேன்.

எந்தப் பிட் ஆனாலும் அதற்கு வேலை குறைவாகக் கொடுங்கள். கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் வெளியே ஜிக்சாவிலோ பேண்ட்சாவிலோ வெட்டிவிட்டு அந்த 2 மில்லிமீட்டரை மட்டும் ரூட்டருக்கு விடுங்கள். முன்னே சொன்ன பின்காலில் அன்றைக்கு நான் 6, 7 மில்லிமீட்டர் விட்டிருந்தேன், பிளந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதம் முழுவதையும் போட இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் படத்தை மட்டும் அடுத்த இணைப்பிலேயே, அம்புக்குறியைத் திருப்பிப் போட்டு, போன தடவை வந்தது தவறு என்று படத்துக்குப் பக்கத்திலேயே சொல்லி, அதே அளவில் வெளியிடுங்கள். முந்தைய படத்தை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள் அதன் மேலேயே புதியதை ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இணைப்பைத் தவறாமல் படிக்கும் ஒரு தச்சர்